முதல் புத்தகம்: ஐந்நூறாக அடிப்பதா, ஐம்பது ஐம்பதாகவா?

சேலத்தில் இருந்துகொண்டு முதல் புத்தகம் போடுபவருக்கு மூன்று வழி உண்டு. பணம் கட்டினால் எல்லாவற்றையும் செய்து தரும் பதிப்பகம் ஒன்று. சொந்தப் பதிப்பாக ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து மொத்தமாக அடிக்கும் அச்சில், 500 பிரதி அடிப்பது இரண்டாவது. அதே சொந்தப் பதிப்பை டிஜிட்டல் அச்சில் ஐம்பது ஐம்பதாக எடுப்பது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம்.

பணம் கட்டும் வழியைப் பற்றி இரண்டே எச்சரிக்கைகள். புத்தகத்தின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனிக்கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியாக விண்ணப்பித்தால் எழுத்தாளருக்கே இலவசமாகக் கிடைக்கும். பக்கம் வடிவமைத்த கோப்பு உங்கள் கைக்கு வருமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் மறுபதிப்புக்குப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நாவல்களுக்கு வழக்கமான டெம்மி அளவில் 160 பக்கம், அதாவது பதினாறு பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து ஃபாரம், விற்பனை விலை ₹200 என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்செட்டில் 500 பிரதிக்குத் தலா ₹60, டிஜிட்டலில் 50 பிரதிக்குத் தலா ₹95 என்று கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம்; உங்கள் அச்சகம் சொல்லும் விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆஃப்செட்டில் ஒரே தடவையில் ₹30,000 இறங்குகிறது. டிஜிட்டலில் ₹4,750. முப்பதாயிரத்தைத் தொண்ணூற்றைந்தால் வகுத்தால் 316 வருகிறது. ஏறக்குறைய 316 பிரதியாவது விற்றால்தான் டிஜிட்டலைவிட ஆஃப்செட் லாபம். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தாலும், முழு விலைக்கு நேரில் விற்றாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் வரவு ஒன்றுதான். ‘தலைக்கு ₹35 மிச்சம்’ என்று அச்சகத்தில் சொல்லும்போது இந்த 316 காதில் விழுவதில்லை.

விற்காமல் நிற்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் இந்தப் புத்தகம் சுமார் 190 கிராம் இருக்கும். 500 பிரதி என்றால் 95 கிலோ. சிவகாசியில் அடித்து லாரி பார்சலில் வரவழைத்தால் அதை இறக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் ஓதம் ஏறும், வெள்ளிப்பூச்சி வரும். ஏற்காட்டில் வீடு என்றால் இன்னும் சிரமம். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் இருப்பதால், பனிமூட்டத்து ஈரத்தை உட்பக்கத் தாள் இழுத்து விரிகிறது, பிலிம் விரிவதில்லை. ஆகவே அட்டை வெளிப்பக்கமாக வாய் பிளந்து சுருளும். அப்படிச் சுருண்ட பிரதியைக் கடைக்காரர் முன்வரிசையில் வைக்க மாட்டார். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடும்படி அட்டையை வெட்டச் சொன்னால் சுருளல் குறையும். முழுக்கத் தவிர்க்க வழி, கையிருப்பைக் குறைவாக வைத்துக்கொள்வதுதான்.

கையிருப்பு குறைவு என்றால் பிழையும் குறைவு. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் ‘கௌரவம்’ என்பது ‘கெ’, ‘ள’ எனப் பிரிந்து நிற்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் மெய்ப்பில் தப்பிவிடும். ‘ெள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘வெள்ளை’ போன்ற சரியான சொற்களும் வரும் என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ விழுவதும் உண்டு. எவ்வளவு பார்த்தாலும் முதல் வாசகர் ஒன்றிரண்டு கண்டுபிடிப்பார். ஐம்பது பிரதி என்றால் அடுத்த அச்சில் திருத்திவிடலாம். ஐந்நூறு என்றால் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியதுதான்.

டிஜிட்டலுக்கும் குறை உண்டு. கறுப்பு மை சற்றுப் பளபளக்கும், புகைப்படத்தின் சாம்பல் நிறம் ஆஃப்செட் அளவுக்கு இழையாது, தடவைக்குத் தடவை அட்டை நிறம் லேசாக மாறும். நாவல், கட்டுரை, சிறுகதைக்கு இந்த வழியைத் துணிந்து சொல்வேன். எண்பது பக்கக் கவிதைத் தொகுப்புக்குக் கொஞ்சம் தயக்கத்தோடுதான்: முதுகு நான்கு மில்லிமீட்டர்கூடத் தேறாது, தலைப்பு அச்சிட இடமிருக்காது, பசையும் அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது.

முதல் ஐம்பதை இப்படிப் பிரிக்கலாம். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி, ஆக நான்கு. மூன்று இதழ்களுக்கு மதிப்புரைக்காக இரண்டிரண்டு. படித்துவிட்டுப் பேசக்கூடிய பத்துப் பேருக்கு ஒவ்வொன்று. மீதி முப்பது விற்பனைக்கு. வெளியீட்டு விழாவை இப்போது வைக்காதீர்கள். மண்டபம், சால்வை, பேனர் என்று செலவழித்து ஒரே மாலையில் தெரிந்தவர்கள் எல்லாரையும் வாங்க வைத்துவிட்டால், மறுவாரம் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. முதல் மாதம் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் வாரம் ஒரு பக்கம் வாசிக்கக் கொடுங்கள். இரண்டாம் மாதம் நூலக வாசகர் வட்டத்தில் ஒரு கூட்டம், பதினைந்து பேர் போதும். மதிப்புரை வரத் தொடங்கி, திருத்திய இரண்டாம் அச்சும் கைக்கு வந்த பிறகு விழா.

வெளியூருக்கு அனுப்ப, 2025 மே 1 முதல் நடப்பில் உள்ள, அஞ்சல் துறையின் புத்தகச் சேவையான ‘ஞான் போஸ்ட்’ இருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை ₹20, வரி தனி. உறையோடு சேர்த்தும் நம் புத்தகம் அதற்குள் அடங்கும். அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் நூலில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் பதிப்புரிமைப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள்.

கையில் பன்னிரண்டு பிரதி மிஞ்சும்போதே அடுத்த ஐம்பதுக்குச் சொல்லிவிடுங்கள். புத்தகத் திருவிழா நெருங்கும் மாதமென்றால் இருபதாக இருக்கும்போதே; அந்தச் சமயத்தில் அச்சகத்தில் வரிசை நீளமாக நிற்கும்.