ஒழுகும் ட்ரைசூட்டும் உத்தரவாதப் பழுதுபார்ப்பும்: ஒரு மதிப்பீடு

பிரித்தானியக் குளிர்நீரில் சுழியோடுவதற்கென விற்கப்படும், ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேல் விலையுள்ள ஒரு ட்ரைசூட்டையும் (உள்ளே நீர் புகாத சுழியோட்ட உடை), அது ஒழுகத் தொடங்கிய பின் உற்பத்தியாளரிடமிருந்து கிடைத்த உத்தரவாதச் சேவையையும் பற்றிய மதிப்பீடு இது. உடை நல்ல உடை. சேவை அதற்கு ஈடானதாக இல்லை. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். "காற்றூதிப் பார்த்தோம், ஒழுக்கு தென்படவில்லை" என்ற ஒரு வரிக் குறிப்போடு உடையைத் திருப்பி அனுப்பும் பட்டறை எதுவானாலும், கீழே சொல்லப்போவது அதற்குப் பொருந்தும்.

முதலில் உடை. இது ட்ரைலேமினேட் வகை. அதாவது இரண்டு மெல்லிய செயற்கை இழைத் துணிகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் படலம் வைத்து ஒட்டியது. துணிக்கென்று கதகதப்பு எதுவும் இல்லை. உள்ளே அணியும் தடித்த தெர்மல் உடையும் அதில் தங்கும் காற்றும்தான் குளிரைத் தடுக்கின்றன. லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவ் போன்ற, நீர் நிரம்பிய பழைய கல்குவாரியில், 36 மீட்டர் வரை ஆழமுள்ள நீரில், மாசி மாதக் குளிரில் இறங்குபவருக்கு இது சிறிய விஷயம் அன்று. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் உடற்சூட்டை இழுத்துச் செல்லும். வெட்டு நன்றாக இருக்கிறது. குனிந்து துடுப்பை மாட்டும்போது முதுகு இழுக்கவில்லை. மார்பின் குறுக்கே போகும் பிளாஸ்டிக் ஜிப்பைத் துணையின்றித் தானே மூடிக்கொள்ளலாம். கழுத்திலுள்ள சிலிக்கோன் சீல் (நீர் புகாமல் தோலை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) வளையத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், கரையில் கிழிந்தால் பசையோ கருவியோ இல்லாமல் அங்கேயே மாற்றிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இரண்டாவது குளிர்காலத்தில் இடது கால் நனையத் தொடங்கியது. ட்ரைசூட்டுக்குள் ஈரம் இருப்பதெல்லாம் ஒழுக்கு ஆகாது. வியர்வையின் ஆவி குளிர்ந்து துணியின் உட்புறம் முழுவதும் நீராக மெல்லப் பூத்திருந்தால் அது இயல்பு. கையை மடக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டின் தசைநாண்கள் எழும்பி, சீலுக்கு அடியில் இடைவெளி விட்டு, முழங்கை வரை நனைவதும் உடையின் குறை அன்று. ஆனால் ஒரே காலுறை மட்டும், பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு, ஒவ்வொரு முறையும் நனையுமானால் உடையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள்.

எங்கே என்பதுதான் கேள்வி. ஓட்டு வீட்டில் நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதுபோல, உள்ளே புகுந்த நீர் தெர்மல் உடை வழியாக இறங்கிக் காலடியில் தேங்குகிறது. உற்பத்தியாளரின் பட்டறை இதை யோசித்ததாகத் தெரியவில்லை. நனைந்தது கால் என்பதால் உடையோடு ஒட்டியிருந்த காலுறைகள் இரண்டையும் புதிதாக மாற்றி, பல வாரங்கள் கழித்து அனுப்பினார்கள். வேலை சுத்தம், ஒட்டிய விளிம்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஒழுக்கு மட்டும் அப்படியே இருந்தது. மறுபடி அனுப்பியபோது, காற்றூதிச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை என்றும், இனி வேலை செய்வதானால் அது பயன்பாட்டுத் தேய்மானமாகக் கருதப்பட்டுக் கட்டணம் விதிக்கப்படும் என்றும் பதில் வந்தது. சீல்களை உத்தரவாதத்திலிருந்து விலக்குவது இத்துறையில் வழக்கம்தான், அதில் குறை சொல்வதற்கில்லை. கண்டுபிடிக்கப்படாத ஒழுக்கைத் தேய்மானம் என்று தீர்ப்பெழுதுவது வேறு.

பின்னர் உடையைத் தனியாகத் தொழில் செய்யும் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காற்றூதவில்லை. இடது காலை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, தொடை உயரம் வரை நீர் ஊற்றி, உடையைத் தூக்கிக் கட்டிவிட்டுத் தேநீர் போடப் போனார். திரும்பி வந்தபோது, முழங்கால் ஒட்டுத்துணியைக் காலின் உட்பக்கத் தையல் கடக்கும் இடத்தில், தையல் மேல் ஒட்டிய டேப்பின் விளிம்போரமாக ஒரு துளி திரண்டு நின்றது. துடைத்தார், மெதுவாக மறுபடி திரண்டது. சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

காற்றுச் சோதனையில் அது ஏன் அகப்படவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் எளியது. டேப் உடையின் உட்புறத்தில் இருக்கிறது. உள்ளே காற்றடித்தால் அந்த அழுத்தமே டேப்பைத் தையலோடு சேர்த்து அமுக்கி ஓட்டையை அடைத்துவிடும். நீருக்கடியில் நடப்பதோ தலைகீழ்: நிமிர்ந்திருக்கும் சுழியோடியின் உடைக்குள் உள்ள காற்று தோளை நோக்கி ஏறிவிட, கால் பகுதியை வெளிநீர் இறுக்கிப் பிடித்து, டேப்பை உள்நோக்கித் தள்ளுகிறது. முழங்கால் மடங்கி நீளும் ஒவ்வொரு முறையும் விளிம்பு சற்றே விலகுகிறது. சோப்பு நீர் தடவிக் குமிழி பார்க்கும் முறை துணியில் விழும் ஊசித் துளைக்கும் வால்வுக்கும் ஏற்றது. டேப் விலகலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பழைய டேப்பைச் சூடேற்றி உரித்து, பசையை வழித்துத் துடைத்து, புதிய டேப்பை ஒட்டி மறுநாள் வரை காயவிட்டார். அதன் பின் கால் நனையவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உற்பத்தியாளரின் உத்தரவாதம் அவர் விரும்பித் தரும் வாக்குறுதி. சட்டப்படியான பொறுப்பு விற்ற கடைக்கே உரியது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை நியாயமான காலத்துக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டியது கடைக்காரர்; கூலி, பொருள், தபால் செலவு எல்லாம் அவருடையவை. ஒருமுறை சரிசெய்தும் குறை தீராவிட்டால் விலைக்குறைப்பையோ, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையோ வாங்கியவர் கோரலாம். வாங்கி ஆறு மாதம் கடந்திருந்தால் குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். பழுதுபார்ப்பவர் எழுதிக்கொடுத்த குறிப்பும், துளி திரண்ட இடத்தின் படமும் அதற்கு உதவின. "உற்பத்தியாளரிடம் கேளுங்கள்" என்று அதுவரை கைகாட்டிக்கொண்டிருந்த கடை, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்குப் பின் பழுதுபார்ப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. நூறு பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கடனட்டையில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமும் கேட்கலாம். அது எனக்குத் தேவைப்படவில்லை.

உடைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். உத்தரவாதச் சேவைக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் காலுறைகளை ஒட்டிய நேர்த்திக்காக. இதே மாதிரியை வாங்க நினைப்பவர்கள், பழுதென்று திருப்பி அனுப்பினால் செய்யும் சோதனையில் நீர் ஊற்றிப் பார்ப்பார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். உடையை உற்பத்தியாளருக்கு அனுப்பிய தபால் செலவைக் கடை இன்னும் தரவில்லை. அதற்கான கடிதம் போயிருக்கிறது.