ஆந்தூரியமா, பீஸ் லில்லியா: மதுரை வீட்டு ஹாலுக்கு எது?

ஹாலில் வைக்க ஒரு பூச்செடி வேண்டும் என்று மதுரையில் நர்சரிக்குப் போனால் முதலில் இந்த இரண்டைத்தான் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். சிவப்பாகப் பளபளக்கும் ஆந்தூரியம், வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும் பீஸ் லில்லி. இரண்டையும் வாங்கி ஒரே கிழக்கு ஜன்னலோரம் வைத்து வளர்த்தேன். இப்போது என் வீட்டில் இருப்பது பீஸ் லில்லி மட்டும்தான். ஆந்தூரியம் போடியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டது. நான் எந்தக் கட்சி என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

அழகைப் பற்றிப் பேச்சே வேண்டாம், ஆந்தூரியம்தான். ஒரு பூ 6 முதல் 8 வாரம் வரை நிறம் மங்காமல் நிற்கும். பீஸ் லில்லியின் வெள்ளை ஒரு மாதம் தாங்கினால் பெரிது, பிறகு பச்சையாகிவிடும். வெளிச்சம் குறைந்த மூலையென்றால் பீஸ் லில்லி சமாளிக்கும், ஆந்தூரியம் பூக்காது. நேர் வெயில் இரண்டுக்கும் ஆகாது. விலையில் நான் வாங்கியபோது ஆந்தூரியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

குழந்தை, பூனை இருக்கும் வீடு என்றால் இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். பச்சைக் கருணையைக் கடித்தால் நாக்கு அரிக்குமே, அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இந்த இலைகளிலும் உண்டு. கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம், தண்ணீர். மதுரையில் இந்த ஒன்றுதான் தீர்ப்புச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. துணி சோப்பு நுரைக்காது, பக்கெட்டின் உள்ளே வெள்ளை படியும். வைகை அணையிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். அது முறை வைத்து வருவதால் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்ததுபோக செடிக்கு என்ன மிஞ்சும்? ஆகவே பெரும்பாலான வீடுகளில் செடிக்குப் போவது போர் தண்ணீர். முற்றத்துச் செம்பருத்திக்கு அது பரவாயில்லை. ஐப்பசி மழை வந்து தொட்டி மண்ணில் சேர்ந்த உப்பையெல்லாம் அலசிக் கொண்டு போய்விடும். ஹாலில் இருக்கும் செடிக்கு மழை ஏது? ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும், அடுத்த நாள் ஊற்றும்போது இன்னும் கொஞ்சம் சேரும். மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் உள்ளே வேரும் அதே உப்பில்தான் இருக்கிறது.

ஆந்தூரியம் கொலம்பியா, எக்வடோர் பக்கத்து மழைக்காட்டுச் செடி. அந்த இனத்தில் பல, மரத்தின் மேலேயே தொற்றி வளர்பவை. தடித்த, காற்று கேட்கிற வேர்கள். மழை நனைத்துவிட்டு வடிந்துபோவதுதான் அதற்குப் பழக்கம். உப்பு தங்கினால் முதலில் வேர்நுனி கெடும், அப்புறம் இலை ஓரம் பழுப்பாகும், அதற்கு அப்புறம் புது இலை நின்றுவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆந்தூரியத்தில் பூ இலைக்கணுவிலிருந்து வருகிறது. புது இலை ஒன்று விட்டால்தான் புதுப் பூ ஒன்று. இலை நின்றால் பூவும் நின்றது. ஆனால் பழைய பூ இரண்டு மாதம் அப்படியே நிற்பதால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. செடி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம்.

பீஸ் லில்லிக்கும் உப்பு பிடிக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். இலை நுனி கருகும், என்னிடம் இருப்பதிலும் கருகியிருக்கிறது. ஆனால் அது அதற்காக வளர்ச்சியை நிறுத்தவில்லை. அடியிலிருந்து புதுப் பக்கக்கன்று வந்துகொண்டே இருக்கிறது, கருகிய இலையை வெட்டிவிட்டால் போதும். இன்னொன்று, தாகம் எடுத்தால் மொத்தச் செடியும் சாய்ந்து தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். முதல் தடவை பார்த்தால் பயமாக இருக்கும், பழகிவிட்டால் இதைவிட வசதி எதுவும் இல்லை. எப்போது ஊற்றுவது என்ற கேள்வியே இல்லை. லேசாகத் தளர்கிறதா, ஊற்று. அடிக்கடி முழுதாகத் தொங்கவிடுவது மட்டும் கூடாது.

எங்கள் வீட்டில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், தண்ணீர் ஊற்றுவது நான் மட்டுமில்லை. அத்தை காலையில் துளசிக்கு ஊற்றும் கையோடு உள்ளே இருப்பதற்கும் ஒரு செம்பு ஊற்றிவிடுவார். “செடின்னா தண்ணி ஊத்தணும்ல?” என்பார். பீஸ் லில்லி அந்தச் செம்பைத் தாங்கியது. ஆந்தூரியம் தாங்கவில்லை, வேர் அழுக ஆரம்பித்தது. (மல்லிகை ஊரில் உட்கார்ந்துகொண்டு வாசனையில்லாத பூ எதற்கு என்பதும் அத்தையின் கேள்விதான். மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டுமே, ஹாலில் எங்கே பூக்கும்? பதில் சொன்னேன், ஏற்கவில்லை.)

ஆந்தூரியத்தை மதுரையில் வளர்க்கவே முடியாது என்றில்லை. செம்மண்ணை விட்டுவிட்டு தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல் கலந்து நட வேண்டும். மட்டையை முதலில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிவிடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். தண்ணீருக்கு இருப்பதிலேயே நல்ல வழி ஏசி குழாயில் சொட்டுவது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் அதில் உப்பு கிடையாது. கோடையில் இரவு முழுக்க ஓடினால் ஒரு செடிக்கு மேலாகவே சேரும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து மூடி வைக்கலாம். ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயில் வருவதை மட்டும் ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும். பீஸ் லில்லிக்கு இவ்வளவு பாடு இல்லை. போர் தண்ணீரே ஊற்றி, மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியே ஓடும்வரை விட்டு அலசினால் ஓடிவிடுகிறது.

வெயில் காலம் இரண்டுக்குமே கஷ்டம்தான். மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது கான்கிரீட் கூரைக்குக் கீழே மதியம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் என் ஆந்தூரியத்தை அதிகம் வதைத்தது மே அல்ல, ஆடிக்காற்று. ஜன்னல் வழியே வரும் அந்த வறண்ட காற்றில் இலை ஓரம் காகிதமாகிவிட்டது. போடியில் மலை பக்கத்திலேயே இருப்பதாலோ, தங்கச்சி வீட்டுத் தண்ணீராலோ, அங்கே போனதும் புது இலை விட ஆரம்பித்தது. இரண்டில் எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பீஸ் லில்லி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நர்சரியில் சின்னச் செடியிலேயே பூக்கள் நிறைந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஜிப்ரலிக் அமிலம் என்ற ஊக்கி. பூக்க வைப்பதற்காகப் பண்ணைகளில் அதைத் தெளிப்பது வழக்கம். அந்தப் பூ முடிந்ததும் வீட்டில் செடி மாதக்கணக்கில் வெறும் இலையாக நிற்கும். செத்துப்போகவில்லை, முதிர்ந்தபின் தானாகப் பூக்கும். என்னுடையது தை கழிந்து மாசியில் பூக்கிறது. வருடம் முழுக்கப் பூ வேண்டும் என்றால் ஏமாற்றம்தான்.

“காத்தைச் சுத்தம் பண்ணும் சார்” என்று விற்பார்கள். 1989-ல் நாசா செய்த ஆய்விலிருந்து வந்த பேச்சு அது. அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் ஒரு தொட்டி அப்படி எதையும் செய்துவிடாது.

ஆர்க்கிட்டையும் சிலர் கேட்கிறார்கள். நர்சரிகளில் கிடைப்பவற்றில் ஒன்று ஃபெலனாப்சிஸ் என்ற வகை. நான் வளர்த்ததில்லை, நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. புதுப் பூந்தண்டு விட அதற்குச் சில வாரங்கள் 25 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும். மதுரையில் அது பெரும்பாலும் குளிர் மாதங்களில்தான் கிடைக்கும், அதுவும் இரவில்.

வீட்டில் ஏசி ஓடுகிறது, தண்ணீர் ஊற்றுவது ஒரே ஒரு கை, அந்தக் கையும் அடக்கமான கை என்றால் ஆந்தூரியம் வாங்குங்கள். மற்றவர்கள் பீஸ் லில்லி வாங்கும்போது பூவை எண்ண வேண்டாம். தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள், வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். மண்ணை ஒட்டி எத்தனை பக்கக்கன்றுகள் என்று பாருங்கள். நிறைய இருந்தால் அடுத்த ஆடிக்குள் பிரித்து இன்னொரு தொட்டியும் வைத்துவிடலாம்.