லேமினேட் தரை: பலகையை எந்தப் பக்கம் ஓட விடுவது?

சென்னையில் எங்கள் பிளாட்டில், பழைய டைல்ஸின் மேலேயே 8 மி.மீ. லேமினேட் போட்டுச் சில வருஷம் ஓடிவிட்டது. நிறம், தடிமன், விலையெல்லாம் கடையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். திசையை மட்டும், வேலை தொடங்கும் காலையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டே "சார், நீளவாக்கா, அகலவாக்கா?" என்று கேட்பார்கள். அதற்கு முன்பே யோசித்து வைப்பது நல்லது.

வழக்கமாகச் சொல்வது இரண்டு: ஜன்னல் வெளிச்சம் வரும் திசையில் ஓட விடு, அறையின் நீளத்தோடு ஓட விடு. எங்கள் ஹால் 18க்கு 11 அடி. பால்கனி குறுகிய சுவரில் இருப்பதால் இரண்டும் ஒத்துப்போயின. தரைக்கு அடியில் தாங்கும் மரச்சட்டங்களுக்குக் குறுக்கே போடவேண்டும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது நம் கான்கிரீட் தளத்துக்குப் பொருந்தாது. வாஸ்துப்படி கிழக்கு மேற்கா என்று கேட்ட உறவினருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

எங்களுக்குத் திசையை முடிவு செய்து கொடுத்தது நடைபாதைதான். அகலம் மூன்றரை அடி. அதில் குறுக்கே போட்டால் தண்டவாளக் கட்டை மாதிரி தெரியும். போதாததற்கு, 1.2 மீட்டர் பலகை ஒவ்வொன்றிலும் அரையடித் துண்டு வீணாகும். ஆகவே ஹால், நடைபாதை, மேற்குப் படுக்கையறை மூன்றுக்கும் ஒரே ஓட்டம்.

அந்தப் படுக்கையறையில்தான் அதற்கான விலையைக் கொடுத்தோம். ஜன்னல் நீளச் சுவரில் இருக்கிறது. வெயில் பலகைகளுக்குக் குறுக்கே விழுகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பலகை ஓரத்து வி வடிவப் பள்ளம் ஒவ்வொன்றும் தனி நிழல் கோடாகத் தெரியும். டைல்ஸ் லேசாக ஏறி இறங்கிய இடம்கூட அப்போதுதான் கண்ணில் படுகிறது. ஹாலில் அதே பலகை, அதே பள்ளம், ஒன்றும் தெரிவதில்லை.

பெருக்குவதிலும் வித்தியாசம் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்: பள்ளத்தோடு பெருக்கினால் தூசி வந்துவிடும், குறுக்கே தள்ளினால் உள்ளேயே தங்கும்.

பால்கனி உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பலகை பால்கனியை நோக்கி ஓடினால், வெட்டிய முனைகள் அத்தனையும் கதவடியில் வரிசையாக நிற்கும். வெட்டிய முனை தண்ணீரைக் குடிக்கும். ஐப்பசி மழைச் சாரலில் எங்களுக்கு இரண்டு முனைகள் உப்பின. அதன்பின் கதவடியில் சிலிக்கோன் பசை அடித்தோம், மேற்கொண்டு பரவவில்லை. எஸ்.பி.சி. (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) என்றால் இந்தத் தொல்லை இல்லை.

திசை முடிவானதும் வரிசைக் கணக்கு போடச் சொல்லுங்கள். ஹாலின் அகலம் 11 அடி என்பது 335 செ.மீ.; சுவரோரம் இருபுறமும் 1 செ.மீ. இடைவெளி போனால் 333. எங்கள் பலகை அகலம் 19.3. பதினேழு வரிசை போட்டால் கடைசியில் 5 செ.மீ. கீற்றுதான் மிஞ்சும், பொருத்தவும் சிரமம், பார்க்கவும் அசிங்கம். முதல் வரிசையையே 12 செ.மீ. அளவுக்கு அறுத்துப் போட்டதால் இரண்டு ஓரமும் சமமாக வந்தன. மூலைவாட்டு டிசைனையும் காட்டினார்கள். சேதாரம் 15 சதவீதம் வரை போகும் என்றதும் வேண்டாம் என்றோம்.

இன்னொரு படுக்கையறைக்கு இப்போதுதான் போடப்போகிறோம். வாசலில் எப்படியும் டி பட்டை (இரண்டு தரைகள் சேரும் இடைவெளியை மூடும் பட்டை) வரும் என்பதால், அங்கேயே திசையைத் திருப்பி ஜன்னலைப் பார்க்க ஓட விடச் சொல்லியிருக்கிறோம்.