சோயா கேப்ஸ்யூலை நம்பி எலும்பு ஊசியை நிறுத்தாதீர்கள்

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறோம். எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட்டுவந்த ஒரு அம்மாவிடம், "இது தாவர ஈஸ்ட்ரோஜன், இனி ஊசியே வேண்டாம்" என்று சொல்லி ஒரு கேப்ஸ்யூல் டப்பாவை விற்றிருக்கிறார்கள். இந்த ஊசியை மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த எலும்புக் கரைப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரலாம். அடுத்த ஊசிக்கான தேதி தாண்டியிருந்தால் இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி அந்த டப்பா. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 500 மி.கி. பின்பக்கம் பொடி எழுத்தில் "சோயா சாறு, 10% ஐசோஃபிளேவோன்". தாவர ஈஸ்ட்ரோஜன் என்று அவர்கள் சொன்னது இந்த ஐசோஃபிளேவோனைத்தான். ஆக, ஐசோஃபிளேவோன் 50 மி.கி.தான். அதுவும் சர்க்கரை ஒட்டிய கிளைகோசைடு வடிவம்; சர்க்கரையின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 30 மி.கி. அந்த முப்பதிலும் ஜெனிஸ்டீன் ஒரு பங்குதான், மீதி டெய்ட்சீன், கிளைசிட்டீன் என்ற வேறு ஐசோஃபிளேவோன் வகைகள்.

ஆதாரம் என்று காட்டியது 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வை. ஆய்வு உண்மை, அதில் எலும்பு அடர்த்தி கூடியதும் உண்மை. ஆனால் அங்கே கொடுத்தது தினமும் 54 மி.கி. ஜெனிஸ்டீன், சர்க்கரை ஒட்டாத வடிவில், கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்து, 2 ஆண்டுகளுக்கு. இந்த டப்பாவில் அது இல்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பற்றி விற்றவர் வாயே திறக்கவில்லை. அதில் தினமும் 200 மி.கி. சோயா ஐசோஃபிளேவோன் 2 ஆண்டுகள் கொடுத்தும், வெற்று மாத்திரை எடுத்தவர்களைப் போலவே இவர்களுக்கும் எலும்பு குறைந்தது. திடீரென உடம்பு சூடேறி வியர்க்கும் தொல்லை ஐசோஃபிளேவோன் எடுத்தவர்களுக்கே கூடுதலாக இருந்தது.

"மூன்றே மாதத்தில் முன்னேற்றம்" என்று குதிகாலில் அல்ட்ராசவுண்ட் வைத்துக் காட்டுவது இன்னொரு ஏமாற்று. அந்த எண்ணை, எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் இடுப்பு, முதுகெலும்பு டெக்ஸா ஸ்கேனின் டி-ஸ்கோரோடு (ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் எண்) ஒப்பிடவே கூடாது. டெக்ஸாவிலேயே 2, 3 சதவீத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் மறுஸ்கேனுக்கு வழக்கமாக ஓராண்டாவது விடுகிறார்கள், முடிந்தவரை அதே மெஷினில். லேபிளில் ஸ்ட்ரான்சியம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கால்சியத்தைவிடக் கனமான அணு அது. எலும்பில் படிந்து எக்ஸ்ரேயை அதிகமாகத் தடுப்பதால், டெக்ஸா காட்டும் அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் சோயாவுக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அதற்கான தமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கேப்ஸ்யூல்களைத் தொட வேண்டாம். சாப்பாட்டில் அளவாகச் சேரும் சோயாவைப் பற்றி இங்கே பேசவில்லை.

வாங்கி ஏமாந்தவர்கள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பில், லேபிளின் இரு பக்கப் படம், பேட்ச் எண், "ஊசியை நிறுத்துங்கள்" என்று வந்த மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்கும் ஒன்றை நோய் தீர்க்கும் மருந்தாகச் சொல்லி விற்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அந்த மெசேஜ்தான் உங்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சி.