ஆண்டுக்கொரு ஊசியா, ஆறு மாதத்துக்கொரு ஊசியா?

கீழே விழவில்லை, தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியபோதே, 76 வயதான என் அம்மாவின் முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அதை இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் −3.6. அது −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். முறிவும் சேர்ந்துவிட்டால் கடுமையானது. கால்சியமும் வைட்டமின் டியும் எப்படியும் வேண்டும். எலும்பு அரிப்பைத் தடுக்கும் வாராந்தர அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க, நெஞ்செரிச்சல்காரரான அம்மாவால் இயலாது. எஞ்சியவை, ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாபும்.

மருந்தற்ற போலி ஊசியோடு ஒப்பிட்ட மூன்றாண்டு ஆய்வுகளில், முதுகெலும்பு முறிவை அவை முறையே 70, 68 விழுக்காடும், இடுப்பு முறிவை 41, 40 விழுக்காடும் குறைத்தன. எலும்பின் அடர்த்தியைக் கூட்டுவதில் டெனோசுமாபுக்கே முன்னிலை. ஆயினும் நாங்கள் சோலெட்ரோனிக் அமிலத்தையே தேர்ந்தோம். தவணை தவறினால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்விதான் காரணம்.

சோலெட்ரோனிக் அமிலம் எலும்பிலேயே படிந்து தங்கிவிடுவதால், சில மாதங்கள் தாமதித்தாலும் பாதுகாப்பு சட்டென்று அறுந்துபோவதில்லை. டெனோசுமாப் எலும்பில் தங்குவதில்லை. எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டும் புரதத்தை அது மறித்து நிற்கிறது, மறிப்பு விலகியதும் அச்செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகுகின்றன, கூடிய அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் கரைகிறது, சிலருக்கு முதுகெலும்புகள் பல ஒருசேர முறிகின்றன. நிறுத்துவதானால் பெரும்பாலும் சோலெட்ரோனிக் அமிலத்தையே பின்னர் ஏற்ற வேண்டியிருக்கும். பாதி ஆண்டு என்னிடமும் பாதி ஆண்டு ஊரில் தம்பியிடமும் இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனையையே தள்ளிப்போடும் குடும்பம் எங்களுடையது. நாள் தவறாமல் நடக்கும் வீடாக இருந்தால் என் முடிவு மாறியிருக்கலாம்.

சிறுநீரகம் தளர்ந்து, அதன் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழே போனவர்களுக்குச் சோலெட்ரோனிக் அமிலம் கூடாது. அங்கே, இரத்தக் கால்சியத்தைக் கவனித்துக்கொண்டு டெனோசுமாபை நாடலாம். எதைத் தொடங்கினாலும் முதலில் பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. புதிய எலும்பையே வளர்க்கும் டெரிபாரடைட், இத்தகைய கடுமையான நிலைக்கு வலுவான மருந்துதான். ஆனால் தினமும் ஊசி, இரண்டாண்டுகள், குளிர்சாதனப் பெட்டி என்றதும் அம்மா மறுத்துவிட்டார், எனவே அதில் எனக்கு நேரடி அனுபவமில்லை.

அம்மாவுக்கு இதுவரை ஒரு தவணைதான் ஆகியிருக்கிறது. அன்றிரவு தொடங்கிய காய்ச்சலும் உடல்வலியும் பாராசிட்டமாலில் இரண்டு நாளில் அடங்கின. மறு ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.