‘மணிக்கட்டு வலி தீரும்’ என்று விற்கும் கீபோர்டு: பணம் கட்டுமுன் படியுங்கள்

‘எர்கோனாமிக் கீபோர்டு, மணிக்கட்டு வலிக்கு நிரந்தரத் தீர்வு, மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்ற விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். ‘எர்கோனாமிக்’ என்றால் உடலின் இயல்புக்கு ஏற்ப வடிவமைத்தது என்று பொருள். தயவுசெய்து ஏமாந்துவிடாதீர்கள்.

பதிப்பகங்களுக்கு நூல்களைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. வலது கையில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போகத் தொடங்கின. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார் மருத்துவர். கை போனால் வேலையே போய்விடுமே என்றுதான் 6,500 ரூபாய் கொடுத்து அதை வரவழைத்தேன்.

வந்த பொருளின் வெளிச்சட்டம் மட்டும் அலைபோல வளைந்திருக்கிறது. எழுத்து வரிசையின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் நேர்கோடு! சாதாரணக் கீபோர்டுக்கு வளைந்த பிளாஸ்டிக் உறை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். விளம்பரப் படத்தில் இருந்ததோ நடுவில் பிளந்து, இரு பாதியும் சரிந்து நிற்கும் கீபோர்டு. அந்தப் பிளவில்தான் விஷயமே இருக்கிறது. நேர் வரிசையில் தட்டும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகத் திரும்பியே நிற்கும். வரிசையைப் பிளந்து திருப்பினால்தான் முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் வரும். 1994-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ‘நேச்சுரல்’ கீபோர்டே அப்படிப் பிளந்ததுதான். எனக்கு வந்ததிலோ பின்பக்கத்தை உயர்த்தக் கால்கள் வேறு! அவற்றை விரித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது; நரம்புக்கு அது இன்னும் கெடுதல்.

உண்மையான பிளவுக் கீபோர்டுகூடக் கையின் நிலையைத்தான் திருத்தும். இத்தகைய கீபோர்டுகள் பாதிப்பைத் தடுக்கும் என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1997-லேயே எழுதியது. வலியில் துடிப்பவர்களிடம் ‘நிரந்தரத் தீர்வு’ என்று விற்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், ‘பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள்’ என்கிறார்கள். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? பரிந்துரைத்த மருத்துவர் யார் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அதை எடுத்துக்காட்டி எழுதியும் அசையவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

இதை வாங்கியவர்கள் விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். என் புகாருக்குப் பிறகு ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். பிளந்த கீபோர்டின் படமும் விலையும் அப்படியே இருக்கின்றன.