கோடைக்கானலில் நடக்க: ஏரிச் சாலையா, வனத்துறைத் தடமா?

தினசரி நடைக்கு ஏரிச் சாலைதான். ஒரு சுற்று சுமார் 5 கி.மீ., நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரிய ஏற்றம் இல்லை, முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஒத்துவரும். கார், குதிரை, வாடகை சைக்கிள் எல்லாம் அதே சாலையில் என்பதுதான் தொல்லை. காலை ஆறரைக்குள் இறங்கிவிடுங்கள்.

வனத்துறைத் தடம் வேறு கணக்கு. 2018இல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலியான பிறகு கெடுபிடி அதிகம். அனுமதியின்றிக் காட்டுக்குள் போகக் கூடாது. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டம் மாநிலம் முழுக்க 40 தடங்களோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி. கட்டணம் உண்டு, ஆகவே வாராவாரம் கட்டுப்படியாகாது. காட்டுத்தீ அபாயமுள்ள காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். விடுமுறைத் திட்டம் போடுவோர் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

மழைக்குப் பின் சோலையில் அட்டைக்கடி நிச்சயம். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகி, மேலே உப்போ புகையிலைத் தூளோ தடவுங்கள். ஒட்டிய அட்டையைப் பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள். அடிப்பாகம் தேய்ந்த ஷூ ஏரிச் சாலைக்குப் போதும். ஈரச் சருகில் வழுக்கும்.